டார்வினும் கொட்டலசும்: எட்டாண்டுகளின் கதை

போர்ட்டிக்சன் கடற்கரையில் நீர் வற்றிய நேரத்தில் பாறைகளின்மேல் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குக் கொட்டலசை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உள்ளங்காலைக் கீறாமல் அது விட்டிருக்காது. சின்னஞ்சிறு எரிமலை வாயைப் போன்ற வெள்ளை ஓடு அது. பாறை, படகு, பாலத்தூண் என்று கடல்நீர் படும் எதன்மேலும் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அதைப் பார்னக்கிள் என்பார்கள், மலாயில் தெரித்திப்.

என் இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக இந்தக் கொட்டலசுகளை நான் ஏழு மாதம் எண்ணினேன். பாறைமேல் ஒரு சதுரச் சட்டத்தை வைப்பது, அதற்குள் இருப்பவற்றை எண்ணுவது, குறித்துக்கொள்வது, சட்டத்தை அடுத்த இடத்துக்கு நகர்த்துவது. இவ்வளவுதான் வேலை. இதை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று அம்மா கேட்டார். விடுதி நண்பர்களும் கேட்டார்கள். சொல்லப்போனால் எனக்கே பதில் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் சார்ல்ஸ் டார்வினின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். டார்வின் என்றதும் நம் எல்லாருக்கும் குரங்கும் கலாபகோஸ் தீவுகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மாமனிதர் 37 வயது முதல் 45 வயது வரை, வாழ்வின் நடுப்பகுதியில் முழுதாக எட்டு ஆண்டுகளை, இந்தக் கொட்டலசுக்கே கொடுத்திருக்கிறார் என்பதை நான் அதுவரை அறிந்ததில்லை. உலகத்தையே புரட்டிப் போடக்கூடிய ஒரு கருத்தை மேசை அறைக்குள் பூட்டி வைத்துவிட்டு அவர் ஏன் இதைச் செய்தார்? அந்தக் கேள்விதான் இக்கட்டுரை.

மருத்துவம் படிக்கப் போனவர்

டார்வின் 1809 பிப்ரவரி 12இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தை இராபர்ட் டார்வின் பெயர்பெற்ற மருத்துவர். மகனும் மருத்துவராக வேண்டும் என்று 1825இல் எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம். அறுவைச் சிகிச்சையைக் கண்ட இளைஞர் டார்வின் அங்கே நிற்க முடியாமல் வெளியேறிவிட்டார். எனினும் அந்த எடின்பரோ நாட்கள் வீண்போகவில்லை. இராபர்ட் கிராண்ட் என்ற ஆய்வாளரோடு கடலோரம் சுற்றி, குட்டைகளில் கிடக்கும் சிற்றுயிர்களை உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அங்குதான் தொற்றிக்கொண்டது.

மருத்துவம் கைகூடவில்லை என்றதும் பாதிரியார் ஆக்கலாம் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் வண்டுகளைச் சேகரித்தார். 1831இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 27இல் பீகிள் கப்பலில் ஏறினார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றிவிட்டு 1836 அக்டோபர் 2இல் நாடு திரும்பினார்.

அந்தப் பயணத்தில் நம் கதைக்கு வேண்டியது ஒரு சிறிய நிகழ்ச்சிதான். 1835 ஜனவரியில் கப்பல் சிலி நாட்டின் தென்பகுதியிலுள்ள சோனோஸ் தீவுக்கூட்டத்தில் நின்றது. கரையில் ஒரு கடல் நத்தையின் ஓட்டை டார்வின் எடுத்தார். ஓடெங்கும் பொடிப்பொடித் துளைகள். அத்துளைகளுக்குள் குண்டூசித் தலையளவில் ஓர் உயிர். அது ஒரு கொட்டலசு. ஆனால் அதற்குச் சொந்த ஓடே இல்லை! பிறர் ஓட்டைக் குடைந்து உள்ளே குடியிருந்தது. வேறெந்தக் கொட்டலசும் அப்படி இருந்து அவர் கண்டதில்லை. புட்டியில் போட்டு மூடினார். பின்னாளில் அதற்குத் திருவாளர் ஆர்த்ரோபலானஸ் என்று செல்லப்பெயரும் வைத்தார்.

பூட்டி வைத்த கையெழுத்துப்படி

நாடு திரும்பியபின் டார்வின் திருமணம் செய்துகொண்டார். 1842இல் மனைவி எம்மாவோடும் குழந்தைகளோடும் இலண்டனுக்கு வெளியே டவுன் என்ற சிற்றூரில் குடியேறினார். அதே ஆண்டில் உயிரினங்கள் எவ்வாறு மாறி வந்தன என்ற தம் கருத்தை 35 பக்கங்களில் பென்சிலால் எழுதினார். 1844இல் அதை ஏறத்தாழ 230 பக்கங்களுக்கு விரித்தார். இயற்கைத் தேர்வு என்று இன்று நாம் படிக்கும் கோட்பாடு அந்தப் பக்கங்களிலேயே இருந்தது. அவர் அதை அச்சுக்கு அனுப்பவில்லை. தாம் திடீரென்று இறந்துபோனால் 400 பவுன் செலவிட்டு வெளியிட வேண்டும் என்று மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டார்.

ஏன் காத்திருந்தார்? அதே 1844இல் உயிர்களின் தோற்றத்தைப் பற்றி ஒரு நூல் ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளியானது. மக்கள் விழுந்து விழுந்து வாங்கினார்கள்; அறிஞர்களோ அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். டார்வின் அதைக் கண்டு அஞ்சினார் என்பது சிலர் கருத்து. பின்னாளில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வரலாற்றாய்வாளர் ஜான் வான் வை, 2007இல் வெளியிட்ட கட்டுரையில் இதை மறுத்தார். டார்வின் அஞ்சி ஒளிக்கவில்லை, கையிலிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக முடித்துவிட்டு வந்தார், அவ்வளவுதான் என்பது அவர் வாதம்.

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு செய்தி உண்டு. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் டார்வினின் நெருங்கிய நண்பர். 1845இல் அவர் எழுதிய ஒரு கடிதத்தில் ஒரு பிரெஞ்சு நூலாசிரியரைக் குறைகூறினார். பல இனங்களை நுணுகி ஆராய்ந்து விவரித்திராத ஒருவருக்கு, இனம் என்றால் என்ன என்ற கேள்வியைத் தொடும் உரிமையில்லை என்பது அதன் சாரம். ஹூக்கர் டார்வினை நினைத்து எழுதவில்லை. ஆனால் அம்பு தைத்த இடம் டார்வினின் நெஞ்சு. அதுவரை அவர் நிலவியல் எழுதியவர், பயண நூல் எழுதியவர். ஓர் உயிர்க்குழுவை முழுமையாக வகைப்படுத்திய அனுபவம் அவருக்கு இல்லை.

ஒன்று, பத்து, எல்லாம்

1846 அக்டோபர் 1. பீகிள் பயணச் சேகரிப்பில் விவரிக்கப்படாமல் மீந்திருந்த திருவாளர் ஆர்த்ரோபலானஸை டார்வின் மேசைமேல் எடுத்து வைத்தார். சில வாரங்களில் முடியும் வேலை என்றுதான் தொடங்கினார்.

ஓர் உயிரை விவரிக்க வேண்டுமானால் அதன் உறவுகளோடு ஒப்பிட வேண்டும். உறவுகளைப் பார்க்கப் போனால் எல்லாம் குழப்பம். பழங்கால ஐரோப்பியர்கள் தண்டுடைய கொட்டலசிலிருந்து வாத்து பிறப்பதாகவே நம்பியிருக்கிறார்கள்! பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் குவியேகூட வெளி ஓட்டைப் பார்த்துவிட்டு, கொட்டலசைச் சிப்பி, நத்தை போன்ற மெல்லுடலிகளோடு சேர்த்திருந்தார். 1830இல்தான் அயர்லாந்தின் கார்க் நகரில் இருந்த ஜான் வான் தாம்சன் என்ற இராணுவ மருத்துவர் உண்மையைக் கண்டார். கொட்டலசின் குஞ்சு கண்ணும் காலும் கொண்டு நீரில் நீந்துகிறது, தோலுரிக்கிறது, பிறகு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு ஓடு கட்டுகிறது. அப்படியானால் இது சிப்பிக்கு உறவில்லை. நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. ஓட்டுடலிகள் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது.

குடும்பம் தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் யார் யாருக்கு என்ன முறை என்பதை எவரும் ஒழுங்காக எழுதவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்டு கிரே இதை டார்வினே செய்யலாம் என்று ஊக்கப்படுத்தினார். அருங்காட்சியகச் சேகரிப்பு டவுன் வீட்டுக்கு வந்தது. ஹியூ கியூமிங் போன்ற சேகரிப்பாளர்களும் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். ஒன்றில் தொடங்கியது உலகிலுள்ள எல்லாக் கொட்டலசுகளுக்கும் விரிந்துவிட்டது.

கொட்டலசின் உடலமைப்பை இங்கே சொல்லிவிட வேண்டும். கடைசி லார்வாப் பருவத்தில் அது உண்பதே இல்லை. இடம் தேடுவது ஒன்றே அதன் வேலை. பிடித்த இடம் கிடைத்ததும் முன் உணர்கொம்புகளை ஊன்றிப் பசையை வடித்து ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் தலைகீழ் வாழ்க்கைதான். தலையைப் பாறையில் ஒட்டி, இறகு போன்ற கால்களை வெளியே நீட்டி, நீரில் மிதக்கும் உணவை வாய்க்குத் தள்ளுகிறது. வளர்ந்த கொட்டலசின் அடிப்பகுதியைப் பிளந்து பார்த்த டார்வின், பசைக்குள் அந்தக் குழந்தைப் பருவ உணர்கொம்புகள் இன்னும் அப்படியே இருப்பதைக் கண்டார். எந்த உறுப்பு எதுவாக மாறியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தூக்கி எறிந்த கணவன்மார்

பெரும்பாலான கொட்டலசுகள் இருபாலுயிரிகள். ஒரே உடலில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஆனால் கியூமிங் பிலிப்பீன்சிலிருந்து கொண்டுவந்த இப்லா என்ற கொட்டலசில் ஆணுறுப்பே இல்லை. அதன் உடலில் ஏதோ சிறு ஒட்டுண்ணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. டார்வின் முதலில் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பிறகு உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. ஒட்டுண்ணி என்று அவர் ஒதுக்கியவைதாம் அந்தப் பெண்ணின் கணவன்மார்! வயிறும் வாயும் சுருங்கி, விந்துப்பை என்று சொல்லுமளவுக்குக் குறுகிப்போன ஆண்கள்.

அதோடு நிற்கவில்லை. ஸ்கால்பெல்லம் என்ற இன்னொரு வகையில் இருபாலுயிரியின்மேலேயே சிறு ஆண்கள் ஒட்டியிருந்தன. தன்னிடமே ஆணுறுப்பு இருந்தும் துணைக்கு ஆண்கள். இருபால் நிலையிலிருந்து ஆண் வேறு பெண் வேறு என்று பிரியும் பாதையின் இடைப்படிகள் இப்படி உயிரோடு அவர் கண்முன் கிடந்தன. பூட்டி வைத்திருந்த கையெழுத்துப்படி சொன்னதும் இதைத்தானே? உயிர்கள் ஒரேயடியாகப் படைக்கப்படவில்லை, படிப்படியாக மாறி வந்தன என்று!

வேறொரு பாடமும் கிடைத்தது. ஓர் இனத்துக்குள் எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. ஓடு, கால், வாய் என்று எல்லா உறுப்புகளிலும் சிறுசிறு வேறுபாடு. சில வடிவங்களைத் தனி இனங்கள் என்று எழுதுவார். கிழித்துவிட்டு எல்லாம் ஒரே இனம் என்று எழுதுவார். அதையும் கிழிப்பார். வகைப்படுத்துபவருக்கு இது தலைவலி. ஆனால் இயற்கை தேர்ந்தெடுக்க வேண்டுமானால் தேர்ந்தெடுக்க வேறுபாடு இருக்க வேண்டும் அல்லவா? 1844இல் இத்தகைய வேறுபாடு இயற்கையில் அரிது என்று எண்ணியிருந்தவர், அது எங்கும் உண்டு என்பதைக் கொட்டலசிடம் கற்றுக்கொண்டார்.

கொடுத்த விலை

இவையெல்லாம் அமைதியான வீட்டில் நடந்தவை அல்ல. டார்வின் தீராத நோயாளி. வாந்தியும் நடுக்கமும் அவரைப் படுக்கையில் தள்ளின. 1848 நவம்பரில் தந்தை இறந்தார். 1849இல் மால்வர்ன் என்ற ஊரில் மருத்துவர் கல்லியிடம் நீர்ச் சிகிச்சைக்குப் போனார். குளிர்ந்த நீரில் குளியல், ஈரத்துணிச் சுற்று, நடை. அதன்பின் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம்தான் வேலை என்று கட்டுப்பாடு.

1851இல் பத்து வயது மகள் ஆனி நோயுற்றாள். அதே மால்வர்னுக்கு அவளை அழைத்துப் போனார்கள். ஏப்ரல் 23இல் அவள் அங்கேயே இறந்தாள். பிள்ளைப்பேறு நெருங்கியிருந்ததால் எம்மாவால் உடனிருக்க முடியவில்லை. தந்தை கட்டிலருகே இருந்தார். அந்தத் துயரம் அவரை விட்டு நீங்கவே இல்லை. தண்டுடைய கொட்டலசுகளைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1851 என்ற ஆண்டைத்தான் தாங்கியிருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் ஆனிதான் எனக்கு நினைவுக்கு வருகிறாள்.

நாளாக ஆகக் கொட்டலசின்மேல் அவருக்கு வெறுப்பே வந்துவிட்டது. மெதுவாகச் செல்லும் கப்பலின் மாலுமிகூடத் தம்மளவுக்கு அதை வெறுத்திருக்க மாட்டான் என்று உறவினர் ஒருவருக்கு 1852இல் எழுதினார். பிள்ளைகளுக்கோ அது அன்றாடக் காட்சி. எல்லா அப்பாக்களும் வீட்டில் கொட்டலசு அறுப்பவர்கள்தாம் என்று எண்ணிய ஒரு பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் எந்த அறையில் அறுக்கிறார் என்று கேட்டதாம்!

கல்லுக்குள் இருந்த கொட்டலசு

டார்வின் உயிருள்ளவற்றோடு நிறுத்தவில்லை. புதைபடிவங்களையும் ஆராய்ந்தார். இது இன்னும் கடினம். தண்டுடைய கொட்டலசு இறந்ததும் அதன் ஓட்டுத் தகடுகள் தனித்தனியே உதிர்ந்துவிடும். சுண்ணப்பாறையில் கிடைப்பது பெரும்பாலும் ஓர் ஒற்றைத் தகடுதான். முழு உயிரையும் அதிலிருந்து உய்த்துணர வேண்டும். இதற்காகத் தகடுகளின் பெயர்களை ஒழுங்குபடுத்தினார். எந்தத் தகட்டை நம்பலாம் என்று வகுத்தார். டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப் புதைபடிவங்களைக் கடனாகக் கொடுத்து உதவினார். நன்றிக்கடனாக 1854இல் டார்வின் அவருக்கு 77 கொட்டலசுகளை அனுப்பினார். அவற்றில் 55ஐக் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தார் 2014 வாக்கில் அடையாளம் கண்டு காட்சிக்கு வைத்தார்கள்.

இந்தப் பகுதியில்தான் டார்வின் சறுக்கினார். தண்டற்ற கொட்டலசுகள், அதாவது நம் பாறைகளில் ஒட்டியிருக்கும் வகை, இன்று உலகெங்கும் ஏராளம். ஓடும் உறுதியானது. ஆனால் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலப் பாறைகளில் அப்போது ஒன்றுகூடக் கிடைத்திருக்கவில்லை. இருந்திருந்தால் கிடைத்திருக்கும்; கிடைக்கவில்லை, ஆகவே இருந்ததில்லை. இப்படி முடிவுகட்டி நூலில் எழுதினார். அந்த முடிவு அவருக்கே முள்ளாகக் குத்தியது. ஒரு பெரிய குழு திடீரென்று தோன்றியது என்றால், எல்லாம் மெல்ல மெல்ல மாறின என்ற தம் கோட்பாடு என்னாவது?

அப்படி எழுதியிருந்தவருக்கு, போஸ்கே என்ற தொல்லுயிர் ஆய்வாளர் ஓர் ஓவியத்தை அனுப்பினார். பெல்ஜியத்தின் கிரெட்டேசியஸ் சுண்ணப்பாறையில் கிடைத்த தண்டற்ற கொட்டலசு ஒன்றின் ஓவியம் அது. தமாலஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது என்று டார்வின் ஏற்றுக்கொண்டார். தம் முடிவு தவறு என்பதை மறைக்கவில்லை. 1859இல் வெளியான உயிரினங்களின் தோற்றம் என்ற நூலிலேயே அதை விவரமாக எழுதினார். கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்குத் தம் சொந்தத் தவற்றையே எடுத்துக்காட்டாக்கினார். தண்டற்ற கொட்டலசுகள் கிரெட்டேசியஸ் காலத்திலேயே இருந்தன என்பதைப் பிற்காலத்தில் சுவீடன் நாட்டில் கிடைத்த புதைபடிவங்களும் உறுதிப்படுத்தின.

இது ஒன்றல்ல. பசைச் சுரப்பியைப் பற்றி அவர் எழுதியது பிழை என்று ஆகஸ்ட் குரோன் 1859இல் காட்டினார். அதையும் டார்வின் ஒப்புக்கொண்டார். கால்களே இல்லாத ஒரு விசித்திர உயிரை வைத்து அவர் அமைத்த ஒரு பிரிவு பின்னாளில் நீக்கப்பட்டுவிட்டது. அது கொட்டலசே அல்ல, வேறோர் ஓட்டுடலி.

புட்டிகள் மூடப்பட்டன

1851க்கும் 1854க்கும் இடையில் நான்கு நூல்கள். வாழும் கொட்டலசுகளுக்கு இரண்டு, புதைபடிவங்களுக்கு இரண்டு. மொத்தம் ஏறத்தாழ 1200 பக்கங்கள். 1853இல் இராயல் சொசைட்டி அவருக்கு இராயல் பதக்கம் அளித்தது. 1854 செப்டம்பர் 9இல் புட்டிகளையெல்லாம் கட்டி அனுப்பிவிட்டு, அன்றே இனங்கள் பற்றிய பழைய குறிப்புகளை அடுக்கத் தொடங்கினார்.

அந்த ஆண்டு நம் மண்ணில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1854 ஏப்ரலில் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற 31 வயது இளைஞர் சிங்கப்பூரில் வந்து இறங்கியிருந்தார். புக்கிட் தீமா காட்டிலும் மலாக்காவிலும் வண்டு பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு சரவாக்கில் அமர்ந்து, புதிய இனங்கள் பழைய இனங்களுக்கு அருகிலேயே தோன்றுகின்றன என்ற கட்டுரையை எழுதினார். 1858 ஜூனில் அவர் அனுப்பிய கையெழுத்துப்படி டார்வினின் கையில் கிடைத்தபோது, இருபதாண்டுச் சிந்தனை கைநழுவிப் போய்விட்டதாகவே டார்வின் கலங்கினார். ஜூலை 1இல் இருவர் எழுத்துகளும் இலண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. கொட்டலசுக்குக் கொடுத்த எட்டாண்டு அந்த அளவுக்கு ஆபத்தான எட்டாண்டு.

அந்த வேலை அத்தனை காலத்துக்குத் தகுதியானதா என்று டார்வினே தம் தன்வரலாற்றில் ஐயப்பட்டிருக்கிறார். ஆனால் ஹூக்கரும் தாமஸ் ஹக்ஸ்லியும் அப்படி எண்ணவில்லை. அந்தப் பயிற்சிதான் அவரை உருவாக்கியது என்றார்கள். நான் நண்பர்கள் பக்கம். 1844இல் வெளியிட்டிருந்தால் அது திறமையான ஒருவரின் ஊகமாக நின்றிருக்கும். 1859இல் பேசியவரோ ஆயிரக்கணக்கான உடல்களைத் தம் கையால் அறுத்துப் பார்த்தவர்; தாம் எங்கே தவறினோம் என்று சொல்லத் தெரிந்தவர். தலைசிறந்த குவியேயும் கொட்டலசை ஓட்டுடலி என்று அறியவில்லை, லார்வாவைப் பார்த்தால் போதும் என்று அந்நூலில் அவரால் அவ்வளவு எளிதாக எழுத முடிந்தது இதனால்தான்.

டார்வின் 1882 ஏப்ரல் 19இல் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2021இல் வாழும் கொட்டலசுகளையும் புதைபடிவங்களையும் சேர்த்து ஆய்வாளர்கள் புதுப்பித்த வகைப்பாடு, அவற்றின் நெருங்கிய உறவுகளையும் உள்ளடக்கி, 65 குடும்பங்களும் 367 பேரினங்களுமாக விரிந்திருக்கிறது. மரபணுச் சான்றுகள் பலவற்றை மாற்றிவிட்டன. ஆனால் டார்வின் 1854இல் வைத்த தொராசிக்கா என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். நான்காம் மாதத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது. குஞ்சுக் கொட்டலசுகளில் இரண்டு இனங்களை ஒன்றாக எண்ணி வந்திருந்தேன். அதில் ஒன்று தமாலஸ் மலாயென்சிஸ். டார்வினைத் திருத்திய அதே தமாலஸ்! யாருக்கும் தெரியப்போவதில்லை, விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு மீண்டும் பாறைக்குப் போய் முதலிலிருந்து எண்ணினேன். முதல் எண்ணிக்கை ஏன் பிழையானது என்பதையும் ஆய்வேட்டில் இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்தேன். நேர்காணலில் தேர்வாளர்கள் அதிக நேரம் கேள்வி கேட்டது அந்த இரண்டு பக்கங்களைப் பற்றித்தான்.

இதை எண்ணி என்ன ஆகப்போகிறது என்ற அம்மாவின் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரையும் போர்ட்டிக்சனுக்கு அழைத்துப் போகப்போகிறேன். நீர் ஏறும் நேரத்தில் பாறையருகே குனிந்து பார்த்தால், ஓடு திறந்து அந்தக் கால்கள் வெளியே வந்து வீசுவதைக் காணலாம்.